மில்பெர்க் வைஸ்: நாம் அமர்த்தாமலே நமக்காக வாதாடிய வக்கீல் நிறுவனம், ஒரு சிறு பங்குதாரரின் விமர்சனம்

அமெரிக்கப் பங்குகளில் கொஞ்சமாவது பணம் போட்டு வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் தபாலில் ஒரு அட்டை வரும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இந்தக் கம்பெனிப் பங்கை வாங்கியிருந்தால், பலருக்காகச் சேர்த்து நடத்தும் ஒரு கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கின் செட்டில்மென்ட் பணத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு, கடைசி தேதிக்குள் படிவம் அனுப்புங்கள் என்று பொடி எழுத்தில் இருக்கும். நிறைய பேர் விளம்பரம் என்று நினைத்து அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். நான் ஒவ்வொன்றையும் படிக்கிறேன், படிவமும் போடுகிறேன், வந்த செக்கை வங்கியிலும் போட்டிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் நான் இந்தச் சேவையின் வாடிக்கையாளன். அதனால் இந்தச் சேவையை ஒரு தொழிலாகவே வளர்த்த நிறுவனத்தைப் பற்றி, ஒரு ஓட்டலையோ பேங்க்கையோ பற்றி எழுதுவது போலவே எழுதலாம் என்று தோன்றியது: என்ன கொடுத்தார்கள், என்ன விலை வாங்கினார்கள், நம்பலாமா.

நிறுவனத்தின் பெயர் மில்பெர்க் வைஸ். நியூயார்க்கில் 1965-இல் லாரன்ஸ் மில்பெர்க், மெல்வின் வைஸ் என்ற இருவர் தொடங்கியது. பிறகு பெயர்ப்பலகையில் பல பெயர்கள் ஏறின, இறங்கின, ஆனாலும் சந்தையில் எல்லோரும் மில்பெர்க் வைஸ் என்றே சொன்னார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்த வேலை உண்மையானது, பல வழக்குகளில் அபாரமானது. ஆனால் நம் சார்பில் கணக்குப் பார்க்க வேண்டிய ஆளையே காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த நிறுவனத்தின் வரலாறு முழுசாகும். ஒன்றை மட்டும் சொல்பவர்கள் பெரும்பாலும் கம்பெனித் தரப்பு ஆட்களாகவோ வக்கீல் தரப்பு ஆட்களாகவோ இருக்கிறார்கள். பங்குதாரர் தரப்பிலிருந்து எழுதுபவர்கள் குறைவு.

முதலில் இந்தச் சேவை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. ஒரு கம்பெனி பொய்க் கணக்குக் காட்டுகிறது, பங்கு விலை ஏறுகிறது, உண்மை வெளியே வந்ததும் விழுகிறது. உங்களுக்கு 300 டாலர் நஷ்டம், எனக்கு 800 டாலர். இதற்காக யார் வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போவார்கள்? ஒரு மணி நேர வக்கீல் பீஸுக்குக்கூட அது காணாது. ஆனால் இப்படிப் பத்து லட்சம் பேர் இருந்தால் மொத்த நஷ்டம் கோடிக்கணக்கில் வருகிறது. 1966-இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதி 23-ஐத் திருத்தினார்கள். அதன்படி ஒரே ஒரு பங்குதாரர் வாதியாக நின்று எல்லோருக்காகவும் வழக்குப் போடலாம், விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்காத எல்லோரும் அந்த வழக்குக்குள் வந்துவிடுவார்கள். வக்கீலுக்கு யாரும் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டாம். ஜெயித்தால், அல்லது செட்டில்மென்ட் வந்தால், அதில் ஒரு சதவீதத்தை நீதிபதி ஒதுக்கிக் கொடுப்பார். தோற்றால் வக்கீலுக்கு ஒன்றும் இல்லை, செலவழித்ததும் போச்சு.

ஆக, நாம் அமர்த்தாத வக்கீல், நாம் பார்த்திராத வாதி, நாம் பேரம் பேசாத பீஸ். எனக்காக ஒருவர் வழக்கு நடத்துகிறார் என்பதே வழக்கு முடிந்த பிறகு தபால் வந்துதான் தெரிகிறது. விதி திருந்துவதற்கு ஒரு வருடம் முன்புதான் மில்பெர்க்கும் வைஸும் கடை திறந்திருந்தார்கள். அந்த விதியில் என்ன வாய்ப்பு ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் முழுசாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் மெல் வைஸ். பிராங்க்ஸில் வளர்ந்தவர், கணக்கு வழக்கு தெரிந்தவர், பேலன்ஸ் ஷீட்டில் ஓட்டை எங்கே என்று பார்க்கத் தெரிந்த வக்கீல். ஆடிட்டர்கள், வங்கிகள், புதுப் பங்குகளைப் பொறுப்பெடுத்து (அண்டர்ரைட் செய்து) விற்றவர்கள் என்று மோசடிக்கு உடன் நின்ற எல்லோரையும் கூண்டில் ஏற்றலாம் என்ற எண்ணம் அவர் தலைமுறையில்தான் நடைமுறைக்கு வந்தது.

1976-இல் பிட்ஸ்பர்கைச் சேர்ந்த வில்லியம் லெராக் என்ற இளம் வக்கீல் வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் பெரிய கம்பெனிகளுக்காக வாதாடும் பக்கத்தில் இருந்தவர். சான் டியேகோவில் அலுவலகம் திறந்தார். அதே கலிஃபோர்னியாவின் வடக்கே, கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்துகொண்டிருந்தது. காலாண்டு லாபம் குறைந்து பங்கு விலை சரிந்தால் போதும், சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்தில், வழக்கு வந்துவிடும். கம்பெனித் தலைவர்கள் அவர் பெயரையே வினைச்சொல் ஆக்கிவிட்டார்கள், ‘எங்களை லெராக் பண்ணிவிட்டார்கள்’ என்று பேசிக்கொண்டார்கள். இதற்கு நடுவில் 1988-இல் பேசிக் எதிர் லெவின்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கம்பெனி சொன்ன பொய்யை ஒவ்வொரு பங்குதாரரும் தனித்தனியாகப் படித்து ஏமாந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, ஒழுங்காக நடக்கும் சந்தையில் பொய் விலைக்குள்ளேயே புகுந்துவிடும், அந்த விலையை நம்பி வாங்கினாலே போதும் என்றது. இந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் என் கைக்கு ஒரு அட்டையும் வந்திருக்காது. கம்பெனி அறிக்கையை வரிவரியாகப் படித்துவிட்டுப் பங்கு வாங்கும் சாமானியர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அன்றைய சேவையின் தரம் எப்படி என்று கேட்டால், வழக்குக்கு வழக்கு மாறியது. சார்லஸ் கீட்டிங் என்பவர் நடத்திய லிங்கன் சேமிப்பு நிறுவனம் திவாலானபோது, பாதுகாப்பான முதலீடு என்று சொல்லி வயதானவர்கள் தலையில் பாண்டுகளைக் கட்டியிருந்தார்கள். அந்த வழக்கில் லெராக்கும் மற்ற வக்கீல்களும் மீட்டுக் கொடுத்த பணம் நிஜமாகவே பல குடும்பங்களைத் தாங்கியது. ஆனால் அதே வழக்கில் எதிர்த்தரப்பு நிபுணர்களான லெக்ஸிகான் என்ற சிகாகோ பொருளாதார ஆலோசனை நிறுவனத்தையும் பிரதிவாதியாகச் சேர்த்தார்கள். லெக்ஸிகான் திரும்ப வழக்குப் போட்டது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது, கடைசியில் 1999-இல் ஜூரி மில்பெர்க் வைஸ் 4.5 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்றது. 5 கோடிக்கு முடித்துக்கொண்டார்கள். தங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள்மேல் கோர்ட்டையே ஆயுதமாகத் திருப்பியதற்குக் கொடுத்த விலை அது. வலிமை எங்கே முடிந்து வன்மம் எங்கே ஆரம்பிக்கிறது என்று இந்த நிறுவனத்துக்குக் கோடு தெரியவில்லை என்பதற்கு இதை நான் முதல் அடையாளமாகப் பார்க்கிறேன்.

வைஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யூதர்கள் போட்டுவைத்த பணத்தைத் திருப்பித் தராத சுவிஸ் வங்கிகள்மீது நடந்த வழக்கு 1998-இல் 125 கோடி டாலர் செட்டில்மென்ட்டில் முடிந்தது. அதில் உழைத்தவர்களில் வைஸும் ஒருவர், அந்த உழைப்புக்கு அவர் பீஸ் வாங்கவில்லை. பணம் மட்டுமே குறியாக இருந்த ஆள் என்று அவரைச் சுருக்கிவிட முடியாது. அதனால்தான் பின்னால் நடந்தது இன்னும் கசக்கிறது.

90-களின் நடுவில் எதிர்ப்பு முற்றியது. அந்தக் காலத்தில் யார் முதலில் வழக்கைப் பதிவு செய்கிறாரோ அவருக்கே பெரும்பாலும் வழக்கின் தலைமை கிடைத்தது. அதனால் ஓட்டப்பந்தயம். ஓடுவதற்கு வாதி தயாராக இருக்க வேண்டும். எனவே நூறு கம்பெனிகளில் பத்துப் பத்துப் பங்கு வாங்கி வைத்திருக்கும் ஆட்கள் வக்கீல் அலுவலகங்களின் பட்டியலில் இருந்தார்கள். வேறு வேறு வழக்குகளில் திரும்பத் திரும்ப அதே பெயர்கள் வாதியாக வந்தன. கம்பெனிகள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் போய் முறையிட்டன. 1995 டிசம்பரில் பங்கு வழக்குச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதிபர் கிளின்டன் வீட்டோ செய்தார், காங்கிரஸ் அந்த வீட்டோவை மீறி நிறைவேற்றியது. அவருடைய எட்டு ஆண்டுகளில் இப்படி மீறப்பட்ட வீட்டோக்கள் மிகக் குறைவு.

அந்தச் சட்டத்தை நிறைய பேர் பங்குதாரருக்கு எதிரானது என்று திட்டுகிறார்கள். எனக்கு இதில் இரு மனம். வழக்கின் தொடக்கத்திலேயே மோசடி நோக்கத்தை விவரமாகக் காட்ட வேண்டும், தள்ளுபடி மனு முடியும் வரை கம்பெனியின் ஆவணங்களைக் கேட்க முடியாது என்று வைத்தது கடுமைதான். கம்பெனியின் உள்ளே நடந்த பொய்யை வெளியே நின்றுகொண்டே நிரூபி என்பது போலாகிவிடுகிறது. ஆனால் வாதி பற்றிய பகுதி அருமையானது. முதலில் ஓடி வந்தவருக்குப் பதிலாக, அதிகம் நஷ்டப்பட்டவரே முதன்மை வாதியாக இருக்கத் தகுந்தவர் என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்குப் போட்ட 20 நாளில் பொது அறிவிப்பு, அதிலிருந்து 60 நாளுக்குள் யாரும் முன்வரலாம். வாதியாக நிற்பவருக்கு மற்றப் பங்குதாரர்களுக்குக் கிடைக்கும் அதே விகிதம்தான், அதற்கு மேல் நியாயமான செலவு மட்டும். அதைச் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடத்தில் ஐந்து வழக்குக்கு மேல் ஒரே ஆள் வாதியாக வரவும் கூடாது என்றது.

மில்பெர்க் வைஸ் இதோடு முடிந்தது என்று எதிரிகள் நினைத்தார்கள். முடியவில்லை. சிறு பங்குதாரர்களை விட்டுவிட்டு ஓய்வூதிய நிதிகள், தொழிற்சங்க நிதிகள், பல்கலைக்கழகங்கள் பக்கம் திரும்பினார்கள், இன்னும் பெரிதாக வளர்ந்தார்கள். இணையக் கம்பெனிப் பங்குகள் எகிறிய டாட்காம் காலத்தில் 300-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் முதல் பங்கு வெளியீடுகளை வங்கிகள் தங்களுக்கு வேண்டியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து விலையை ஏற்றினார்கள் என்ற வழக்கை முன்னின்று நடத்தியவர்களும் இவர்கள்தான். அது 2009-இல் 58.6 கோடி டாலரில் முடிந்தது. கணக்கு மோசடியில் சிக்கிய டைகோ கம்பெனி வழக்கில் வேறு இரண்டு நிறுவனங்களோடு சேர்ந்து தலைமை வக்கீல்களாக இருந்து 320 கோடி வாங்கிக் கொடுத்தார்கள், அதில் ஆடிட்டர் கொடுத்தது மட்டும் 22.5 கோடி.

இனி என்ரான், பொய்க் கணக்குக் காட்டித் திவாலான எரிசக்தி கம்பெனி. இந்தச் சேவை எவ்வளவு உயரத்துக்குப் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2001 அக்டோபரில் ஹூஸ்டனில் வழக்கு, டிசம்பரில் கம்பெனி திவால். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் முதன்மை வாதி, லெராக் அதன் வக்கீல். என்ரான் அலுவலகத்தில் கிழித்துப் போட்ட காகிதக் குவியலை ஒரு பெட்டியில் போட்டு அவர் கோர்ட்டுக்குத் தூக்கி வந்த காட்சி டிவியில் பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. திவாலான கம்பெனியிடம் என்ன இருக்கிறது வாங்க? அதனால் அதற்குப் பணம் கொடுத்து, பொய்க் கணக்குக்கு வசதியான ஒப்பந்தங்களைச் செய்துகொடுத்த வங்கிகளைப் பிடித்தார்கள். சிஐபிசி 240 கோடி, ஜேபிமார்கன் 220 கோடி, சிட்டிகுரூப் 200 கோடி. வெளி இயக்குநர்கள் சிலர் தங்கள் சொந்தப் பாக்கெட்டிலிருந்து 1.3 கோடி கொடுத்தார்கள், இன்சூரன்ஸ் பின்னால் ஒளிந்துகொள்ள விடவில்லை. மொத்தம் 720 கோடி டாலருக்கு மேல். பங்கு மோசடி வழக்குகளில் அதுவரை யாரும் அவ்வளவு மீட்டதில்லை.

இதில் பீஸ் விஷயத்தைக் கவனியுங்கள், எனக்கு மொத்த வரலாற்றிலேயே பிடித்த பகுதி அதுதான். பல்கலைக்கழகத்துக்கே 14 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், அதனால் அவர்கள் வழக்கின் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேரம் பேசினார்கள். முதல் 100 கோடிக்கு 8 சதவீதம், அடுத்த 100 கோடிக்கு 9, அதற்கு மேல் 10. இந்தத் தொழிலில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று கேட்பது சகஜமாக இருந்த காலம் அது. 2008-இல் நீதிபதி மெலிண்டா ஹார்மன் ஒதுக்கிய பீஸ் 68.8 கோடி டாலர். தொகையைப் பார்த்துப் பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. நான் சதவீதத்தைப் பார்க்கிறேன், பத்துக்குள் இருக்கிறது. சொந்தப் பணத்தை இழந்த ஒரு நிஜ வாடிக்கையாளர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால் விலை எப்படி இறங்குகிறது பாருங்கள். (எல்லா வங்கிகளும் கொடுத்துவிடவில்லை. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மெரில் லின்ச், கிரெடிட் சுவிஸ், பார்க்ளேஸ் மீதான பகுதியை நிறுத்திவிட்டது, அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் அந்தக் கதவை இறுக மூடியது. உடந்தையாக இருந்தவரைப் பங்குதாரர் நேரடியாகப் பிடிப்பது அதோடு மிகவும் கடினமாகிவிட்டது.)

அந்த பீஸ் உத்தரவு வந்தபோது லெராக் சிறையில் இருந்தார்.

எப்படி? இதற்கு 90-களுக்குத் திரும்பிப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கண் மருத்துவர். இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தன் வீட்டிலிருந்த பிக்காசோ, மோனே ஓவியங்கள் திருடுபோனதாக 1992-இல் நாடகம் ஆடி, பிறகு பிடிபட்டு, 1999-இல் தண்டனைக்குரியவர் என்று தீர்ப்பானவர். தண்டனையைக் குறைக்க அரசு வக்கீல்களிடம் ஒரு தகவலைச் சொன்னார்: நான் மில்பெர்க் வைஸ் போட்ட பல வழக்குகளில் வாதியாக நின்றேன், அதற்கு அவர்கள் வாங்கிய பீஸிலிருந்து எனக்குப் பங்கு கொடுத்தார்கள். விசாரணை பல வருடம் நடந்தது. 2004-இல் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது, லெராக் மேற்குக் கரையைப் பிரித்துக்கொண்டு போனார். 2006 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நிறுவனத்தின் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. 20 வருடத்துக்கும் மேலாக, 150-க்கும் மேற்பட்ட வழக்குகளில், வாதிகளுக்கு 1.13 கோடி டாலர் ரகசியக் கமிஷன், அந்த வழக்குகளில் வாங்கிய பீஸ் 21.6 கோடி. சில சமயம் இடையில் வேறு வக்கீல்களுக்குப் பரிந்துரைக் கட்டணம் என்று கணக்கெழுதி அவர்கள் வழியாக, சில சமயம் ரொக்கமாக. ரொக்கத்தை நிறுவனத்தின் கூட்டாளி வக்கீலான டேவிட் பெர்ஷாடின் அறையில் ஒரு பெட்டகத்தில் வைத்திருந்தார்கள் என்று குற்றப்பத்திரிகை சொன்னது.

பிறகு வரிசையாக ஒப்புக்கொண்டார்கள். 2007-இல் பெர்ஷாட், பிறகு இன்னொரு கூட்டாளி வக்கீலான ஸ்டீவன் ஷுல்மன், பிறகு லெராக். லெராக்குக்கு 2008 பிப்ரவரியில் இரண்டு வருடச் சிறை, 77.5 லட்சம் டாலர் பறிமுதல், அதற்கு மேல் அபராதம். மெல் வைஸுக்கு அதே வருடம் ஜூனில் 30 மாதம், 97.5 லட்சம் பறிமுதல். இருவரும் வக்கீல் உரிமத்தை இழந்தார்கள். நிறுவனம் 7.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு, நடந்ததை ஏற்றுக்கொண்டு, தன்மீதான வழக்கை முடித்துக்கொண்டது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம், கமிஷன் வக்கீல்களின் பங்கிலிருந்துதானே போனது, பங்குதாரருக்கு வர வேண்டியதில் ஒரு காசு குறையவில்லையே என்று இன்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும்தான் அப்படிச் செய்தார்கள் என்றும் சொல்கிறார்கள். இதை நான் கொஞ்சம் நிதானமாக மறுக்க விரும்புகிறேன், ஏனென்றால் நல்லவர்கள் பலர் இதை நம்பிவிடுகிறார்கள். நமக்குத் தெரியாமல் நடக்கும் இந்த வழக்கில் நம் சார்பாக உள்ளே உட்கார்ந்திருப்பவர் அந்த வாதி ஒருவர்தான். செட்டில்மென்ட் தொகை போதுமா, இன்னும் போராடலாமா, பீஸ் அதிகமா என்று கேட்க வேண்டியவர் அவர். அவருக்கும் பங்கு விகிதப்படிதான் பணம் என்றால் அவர் தொகை ஏறத்தான் பார்ப்பார். பீஸில் பத்து சதவீதம் அவருக்கு என்று வைத்தால் பீஸ் ஏறத்தான் பார்ப்பார், சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் இருப்பார். பெண் வீட்டுக்காரர் சார்பில் சீர் பேசப் போனவர் மாப்பிள்ளை வீட்டாரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டது போல. அந்த 150 வழக்குகளில் எத்தனையில் இன்னும் அதிகம் கிடைத்திருக்கும் என்று இனி யாராலும் கணக்குப் போட முடியாது. கணக்குப் போட முடியாத நஷ்டம் இல்லாத நஷ்டம் ஆகிவிடாது. அதோடு, வாதிக்கு நாங்கள் எதுவும் தரவில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது பச்சைப் பொய். பொய்க் கணக்குக் காட்டிய கம்பெனிகளைத் துரத்திப் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள், தாங்கள் நீதிபதியிடம் காட்டிய கணக்கில் பொய் எழுதினார்கள்.

என்ரான் வழக்கில் 10 சதவீதத்துக்குள் பேரம் பேசிய பல்கலைக்கழகத்தையும், பெட்டகத்திலிருந்து கவர் வாங்கிய வாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வக்கீல் அதே லெராக்தான், திறமையும் அதேதான். எதிரில் உட்கார்ந்த வாடிக்கையாளர் யார் என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

சரி, இன்று நிலைமை என்ன? மில்பெர்க் என்ற பெயர் அழியவில்லை. வேறு நிறுவனங்களோடு இணைந்து, பெயர் நீண்டு, இப்போது டேட்டா கசிவு, நுகர்வோர் வழக்குகள் என்று போய்விட்டது. வைஸ் 2018-இல் காலமானார். லெராக் பிரித்துக்கொண்டு போன பகுதி அவர் விலகிய பிறகு ராபின்ஸ் கெல்லர் ரட்மன் அண்ட் டவுட் என்ற பெயரில் நடக்கிறது, இந்தத் துறையில் இன்று முன்வரிசையில் இருப்பதும் அதுதான். ஹவுஸ்ஹோல்ட் இன்டர்நேஷனல் என்ற கடன் நிறுவனத்தின் மீது 2002-இல் போட்ட வழக்கை அவர்கள் விடாமல் நடத்தி, 2009-இல் ஜூரி முன் ஜெயித்து, மேல்முறையீட்டில் அது கவிழ்ந்து, மறுவிசாரணை தொடங்கும் நேரத்தில் 2016-இல் 157.5 கோடிக்கு முடித்தார்கள். பதினான்கு வருடம் காசு வராமல் ஒரு வழக்கைச் சுமப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஜூரி வரை போகும் பங்கு வழக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் அந்தப் பிடிவாதத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் பெரும்பாலான வழக்குகள் அப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் வந்த ஒரு செட்டில்மென்ட்: கணக்கைத் திருத்தி எழுதிய ஒரு மென்பொருள் கம்பெனி, நிறுவனங்களின் பெயர் வேண்டாம். படிவம் போட்டேன், புரோக்கர் ஸ்டேட்மென்ட்டும் வைத்தேன். பணம் பிரித்துக் கொடுக்க நியமிக்கப்பட்ட நிர்வாக நிறுவனம் ஆதாரம் போதவில்லை என்று கடிதம் போட்டது, இணைத்த அதே தாள்களை மறுபடி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டது. ஏன் முதலில் போதவில்லை என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. அப்புறம் நீண்ட மௌனம், பிறகு ஒரு செக், நஷ்டத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அந்தப் பணமும் பெரும்பாலும் கம்பெனியின் இன்சூரன்ஸிலிருந்து வந்தது. பொய் சொன்ன அதிகாரிகள் தங்கள் கையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை, இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கட்டியது பங்குதாரர்களின் பணம். இந்தத் தொழிலின் மிகப் பெரிய பலவீனம் இதுதான், இதற்கு வக்கீல்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. என்ரானில் இயக்குநர்கள் பாக்கெட்டில் கை வைத்தது அபூர்வம் என்பதால்தான் இன்றும் எல்லோரும் அதைப் பேசுகிறார்கள்.

இப்போது இந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு. வரும் நோட்டீஸின் முதல் பக்கத்தைப் படியுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு, ஒரு பங்குக்குச் சராசரியாக எவ்வளவு, வக்கீல்கள் கேட்கும் பீஸ் ஒரு பங்குக்கு எவ்வளவு என்று அந்தச் சுருக்கத்தில் போட்டே ஆக வேண்டும், 1995 சட்டம் அப்படிச் சொல்கிறது. வாங்கிய, விற்ற தேதிகளுக்கான ஸ்டேட்மென்ட்களைப் பத்திரப்படுத்துங்கள், புரோக்கர் மாறும்போது பழையதெல்லாம் காணாமல் போகும். படிவம் போடாதவருக்குக் காசு கிடையாது, ஆனால் வழக்குப் போடும் உரிமை மட்டும் போய்விடும். பெரிய ஃபண்டுகளே பல சமயம் படிவம் போடாமல் விட்டிருக்கின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன, அவர்கள் விட்ட பங்கு போட்டவர்களுக்குத்தான் வரும். உங்கள் பங்குக்குக் கணக்கிட்ட தொகை மிகவும் சிறியதாக இருந்தால், பெரும்பாலும் 10 டாலருக்குக் கீழ் என்றால், செக் அனுப்ப மாட்டார்கள், அதையும் நோட்டீஸிலேயே எழுதியிருப்பார்கள்.

நஷ்டம் பெரிதென்றால் ஒதுங்கி நிற்காதீர்கள். பங்கு விழுந்த மறுநாளே பல வக்கீல் நிறுவனங்கள் அறிக்கை விடும், எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள் என்று. வழக்குப் போட்ட பொது அறிவிப்பு வந்ததிலிருந்து அந்த 60 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். கையெழுத்துப் போடும் முன் பீஸை எழுத்தில் கேளுங்கள், அந்தப் பல்கலைக்கழகம் செய்தது போல ஏறுவரிசையாகவோ நிலையாகவோ, எதுவானாலும் முன்கூட்டியே. ஜூரி வரை போன வழக்கு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். உங்களை வாதியாக்கத் தனியாக ஏதாவது தருகிறோம் என்று யாராவது ஜாடை காட்டினால்கூட எழுந்து வந்துவிடுங்கள். நஷ்டம் சிறியது, பீஸ் மட்டும் அநியாயமாகத் தெரிகிறது என்றால், கடைசி தேதிக்குள் நீதிபதிக்கு ஒரு ஆட்சேபக் கடிதம் எழுதலாம். அதற்கு வக்கீல் தேவையில்லை, நோட்டீஸில் கேட்டிருக்கும் விவரங்களோடு வழக்கு எண்ணையும் நீங்கள் எத்தனை பங்கு வைத்திருந்தீர்கள் என்பதையும் போட்டு, எந்த எண் உறுத்துகிறது என்று எழுதினால் போதும். பீஸை இறுதி செய்யும் விசாரணையில் நீதிபதி அந்தக் கடிதத்தையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.